விலைக்கு வாங்கிய பரிந்துரை: ஒரு கன்சல்டன்சியின் ‘எல்.ஓ.ஆர். பேக்கேஜ்’ பற்றிய மதிப்புரை

சென்ற நவம்பரில் ஒரு பிற்பகல், இறுதியாண்டு மாணவி ஒருவர் மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். அமெரிக்காவில் எம்.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் படிக்க ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், ‘எல்.ஓ.ஆர்.’ எனப்படும் பரிந்துரைக் கடிதங்கள் மூன்றில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கையில் இருப்பது என்ன என்று கேட்டேன். “லெட்டர்தான் சார். கன்சல்டன்சில எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க ஒரு தடவ பாத்துட்டு லெட்டர்ஹெட்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தா போதும்” என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி சிறிதும் இல்லை. எனக்கு வேலை மிச்சம் பிடித்துக் கொடுத்த நிறைவுதான் இருந்தது.

கோவை வட்டாரத்தில், அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இத்தகைய ஆயத்தக் கடிதங்களை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன் என்றாலும், பணம் கொடுத்து வாங்கிய முழுத் தொகுப்பையும் அதனுடன் வந்த மின்னஞ்சல்களையும் ஒரு மாணவி என் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்க்கத் தந்தது அதுவே முதல் முறை. ஆகவே இந்தச் சேவையை ஒரு பொருளைப் போலவே எடைபோட்டு, வாங்க நினைக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் தெரியும்படி எழுதிவைக்க எண்ணினேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒரே வார்ப்பில் வார்த்த பல நிறுவனங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன; ஒன்றை மட்டும் சுட்டுவது மற்றவற்றுக்கு நற்சான்று கொடுத்ததாக ஆகிவிடும்.

தொகுப்பின் விலை 12,000 ரூபாய். அதற்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை எனப்படும் எஸ்.ஓ.பி. ஒன்று, தன்விவரக் குறிப்பு ஒன்று, இரண்டு முறை திருத்தம் ஆகியவை கிடைக்கும். மாணவி ஓர் இணையப் படிவத்தில் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர வேண்டும். நான்கு நாட்களில் கடிதங்கள் வேர்டு கோப்புகளாக வந்துவிடும். கோப்புகளின் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன: ‘எல்.ஓ.ஆர். 1 எச்.ஓ.டி.’, ‘எல்.ஓ.ஆர். 2 கைடு’, ‘எல்.ஓ.ஆர். 3 சப்ஜெக்ட் ஸ்டாஃப்’. முதலாவது துறைத்தலைவர், இரண்டாவது வழிகாட்டி, மூன்றாவது நான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடிதங்களின் ஆங்கிலம் பிழையற்றது. எங்கள் துறையில் எழுதப்படும் சுற்றறிக்கைகளைவிடத் தெளிவானது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் தாண்டாமல், மேலே லெட்டர்ஹெட்டுக்கு இடம் விட்டு, கீழே பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு வரிசையாகக் கோடுகள் இட்டுக் கச்சிதமாக இருந்தது. ஆறு பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதிகளையும் ஒரு தாளில் தொகுத்து, எது டிசம்பர் 1, எது டிசம்பர் 15, எது ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது என்று வண்ணம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பருவத் தேர்வுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு அந்த ஒரு தாள் உண்மையாகவே பயன்படும். சொன்ன தேதியில் கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசியில் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். சேவை என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள் என்றால், ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தயங்காமல் கொடுக்கலாம்.

கடிதத்தைப் படித்தபோது அந்த நான்கு ஒன்றாயிற்று.

என் பெயரில் வந்த கடிதம், அந்த மாணவிக்கு நான் ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ பாடம் எடுத்ததாகச் சொன்னது. நான் எடுத்தது மைக்ரோபிராசஸரும் அதன் ஆய்வகமும். இதைத் தட்டச்சுத் தவறு என்று விட்டுவிடலாம். மூன்றாம் பத்தியின் நடுவில் ஓரிடத்தில் ‘ஹிஸ்’ என்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எல்லா இடத்திலும் ‘ஹெர்’. வேறு எந்த ஊரிலோ, வேறு எந்தக் கல்லூரியிலோ படித்த ஒரு பையனுக்காக எழுதிய கடிதத்தின் ஒரு மூலை எங்கள் மாணவியின் கடிதத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பையனின் ஆசிரியரும் இதே பத்தியின் அடியில்தான் கையெழுத்திட்டிருப்பார்.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் பெரிய குறை புலப்பட்டது. தொடக்க வாக்கியங்கள் மூன்றும் வெவ்வேறாக இருந்தன. அந்த மட்டும் கவனமாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் எலும்புக்கூடு ஒன்றே. முதல் பத்தியில் மகிழ்ச்சி, இரண்டாம் பத்தியில் அறிவுக்கூர்மை, மூன்றாம் பத்தியில் உழைப்பும் குழுவாக இயங்கும் பண்பும், நான்காம் பத்தியில் எவ்விதத் தயக்கமுமின்றிப் பரிந்துரைப்பதான உறுதி. வழிகாட்டியின் கடிதத்தை எடுத்துத் துறைத்தலைவரின் பெயரைப் போட்டாலும் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் மூன்று பேரிடம் கடிதம் கேட்பது மூன்று பக்கங்களிலிருந்து ஓர் ஆளைப் பார்ப்பதற்காக. இங்கே ஒரே புகைப்படத்தை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

உரிச்சொற்களுக்குக் குறைவே இல்லை. சின்சியர், ஹார்டுவொர்க்கிங், பங்க்சுவல், ஒபீடியண்ட். கடைசிச் சொல்லின் அடியில் பென்சிலால் கோடிட்டேன். அடக்கமான பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்பதெல்லாம் நம் ஊர்ப் பள்ளிகளின் நன்னடத்தைச் சான்றிதழில் பாராட்டு. அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆராய்ச்சிக்கு ஆள் தேடும் ஒரு பேராசிரியரின் மேசைக்கு அனுப்பினால், தானாக எதையும் செய்யத் தெரியாதவர் என்றே அவர் படித்துக்கொள்வார். போதாக்குறைக்கு, மாணவியின் வருகைப் பதிவு 95 விழுக்காட்டுக்கும் மேல் என்றும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார் என்றும் தனியாக இரண்டு வாக்கியங்கள்.

மொழித் தத்துவம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். ஹெச்.பி. கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றி, 1975-இல் அச்சேறிய உரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தத்துவத் துறைப் பணிக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி ஆசிரியர் ஒருவர் இரண்டே செய்திகளைச் சொல்லிக் கடிதத்தை முடித்துவிடுகிறார்: அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வருவார். மாணவருக்குத் தத்துவம் வராது என்று ஆசிரியர் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதாமலே அது படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. சொல்லாமல் சொல்வதற்குக் கிரைஸ் கண்டெடுத்த அதே இரண்டு வரிகளைத்தான் இந்த நிறுவனம் 12,000 ரூபாய்க்குப் பாராட்டாக விற்றிருக்கிறது.

மாணவி பெண் என்பதும் இதில் சேர்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 312 பரிந்துரைக் கடிதங்களை ஃபிரான்சஸ் டிரிக்ஸ், காரலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் அலசி வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை பொதுவாக நீளம் குறைந்தும், ஐயத்தைக் கிளப்பும் தொடர்கள் மிகுந்தும் இருந்தன. ஆண்களின் கடிதங்களில் ஆராய்ச்சி பேசப்பட்ட இடத்தில் பெண்களின் கடிதங்களில் கற்பித்தல் பேசப்பட்டது. அந்த மாணவியிடம் அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் இதே நிறுவனத்தில் வாங்கிய கடிதமும் இருந்தது. அதில் ‘ஒபீடியண்ட்’ இல்லை, ‘அனலிடிக்கல்’ இருந்தது. இரண்டே கடிதங்களை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் மீது பெரிய குற்றம் சாட்ட மாட்டேன். ஆனால் பெண்ணுக்கு ஒரு வார்ப்பும் ஆணுக்கு ஒரு வார்ப்பும் எங்கோ ஒரு கணினியில் தனித்தனியாகக் கிடக்கின்றன என்று நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இனி, அந்தக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டியதும் இல்லாமல் போனதுமான செய்தி. மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் 8051 மைக்ரோகன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சில்லைக் கணினியுடன் தொடர் இணைப்பின் வழியே பேச வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் எழுத்துகளை அனுப்ப வேண்டும். அதற்கு டைமரில் எஃப்.டி. என்ற பதினாறடிமான எண்ணை இட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும், எல்லோரும் அதையே இடுவார்கள். அன்று இவருடைய மேசையில் மட்டும் திரையில் குப்பை எழுத்துகளாக வந்தன. நிரலை இரண்டு முறை பார்த்தேன், தவறில்லை. இத்தகைய நேரங்களில் ஆய்வக உதவியாளர் வேறு கிட், அதாவது வேறு பயிற்சிப் பலகை, எடுத்துக் கொடுத்துவிடுவார், பயிற்சியும் முடிந்துவிடும். இவர் கிட்டை மாற்ற மறுத்துவிட்டார். அடுத்த வார ஆய்வகத்திலும் அதே பலகையின் முன் உட்கார்ந்து, கடைசியில் அதன்மேல் இருந்த, சில்லின் வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டலின் எண்ணைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தார். 11.0592 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், பழுது பார்த்த யாரோ 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பற்றவைத்திருந்தார்கள்.

இந்தச் சிறிய வேறுபாட்டால் பலகை நொடிக்கு 9,600 பிட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 10,417 பிட் வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. எட்டரை விழுக்காடு பிழை. ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட் என்னும்போது, கடைசிப் பிட்டுக்கு வருவதற்குள் முக்கால் பிட் அளவுக்கு விலகல் சேர்ந்துவிடும், கணினி தவறாகப் படித்துவிடும். இவ்வளவையும் தம் ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்கிட்டிருந்தார். அத்துடன் நிற்கவில்லை. 12 மெகாஹெர்ட்ஸில் 9,600-க்கு அருகில் ஒழுங்கான மதிப்பு கிடைக்காது என்று கண்டு, வேகத்தை 2,400-க்கு இறக்கி, டைமர் மதிப்பை எஃப்.3 என்று மாற்றினார், பிழை 0.16 விழுக்காடாகக் குறைந்தது, திரையில் எழுத்துகள் சரியாக வந்தன. கிரிஸ்டலைத் தொடவே இல்லை. அந்தக் கிட்டை எத்தனையோ பேர் பழுது என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள், நானும் உட்பட.

இதை நிறுவனத்திடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு கேள்விகளில் ஒன்பதாவது, நீங்கள் எதிர்கொண்ட சவால் ஒன்றைக் குறிப்பிடுக என்பது. பதில் ஐம்பது சொற்களுக்கு மிகக்கூடாது. ஐம்பது சொற்களில் கிரிஸ்டலையும் கணக்கையும் சுருக்கி எழுதியிருந்தார். கடிதத்தில் அது ‘எக்ஸலன்ட் பிராப்ளம் சால்விங் ஸ்கில்ஸ்’ என்ற நான்கு சொற்களாக வந்து சேர்ந்தது. நெல்லை வாங்கிக்கொண்டு உமியைத் திருப்பிக் கொடுத்த கதை. எழுதிக் கொடுத்தவருக்கு மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாதவர் அந்தப் பதிலை அப்படியே விட்டிருந்தால்கூடக் கடிதம் பிழைத்திருக்கும்.

பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிய அமெரிக்க வலைத்தளங்களைத் தேட வேண்டியதில்லை. நம் சென்னையிலேயே ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. 1913 பிப்ரவரி 26 அன்று, அப்போது இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்த கில்பர்ட் வாக்கர், சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனைப் பற்றி எழுதிய கடிதம் அது. அந்த இளைஞரைத் தாம் பார்த்ததில்லை என்று வாக்கர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். துறைமுகக் கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னிலையில் முந்தைய நாள் அவருடைய குறிப்புகள் தமக்குக் காட்டப்பட்டன என்கிறார். பிறகு ஓர் ஒப்பீடு: புதுமையில் இந்த வேலை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவின் வேலைக்கு நிகராக நிற்கும். உடனே ஒரு குறை: இத்தகைய சூழ்நிலையில் எதிர்பார்க்கக்கூடியபடி, முழுமையும் துல்லியமும் போதவில்லை. அதற்கும் மேலே ஒரு ஒப்புதல்: இந்தக் கணிதப் பிரிவுகள் தம்முடைய துறை அல்ல என்பதால், ஐரோப்பாவில் புகழ்பெறும் அளவுக்குக்கூட உயரக்கூடிய அந்தத் திறமையைத் தம்மால் உறுதியாக அளந்துவிட முடியாது. சின்சியர் இல்லை, பங்க்சுவல் இல்லை. எதைப் பார்த்தேன், யாரோடு ஒப்பிடுகிறேன், எங்கே குறை, என் அறிவின் எல்லை எது என்ற நான்கு செய்திகள்தாம். மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த எழுத்தருக்கு அந்த ஆண்டு மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு. வாக்கர் குறையைச் சொன்னதனால்தான் ஒப்பீட்டை நம்ப முடிந்தது என்பது என் துணிபு. நம் நிறுவனத்தின் மூன்று கடிதங்களிலும் ஒரு குறைகூட இல்லை.

அடுத்தது, இந்தத் தொகுப்பின் விளம்பரத் தாளில் சிறிய எழுத்தில் இருக்கும் கூடுதல் சேவை. அதைப் புரிந்துகொள்ள, கடிதம் இப்போது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் உறையை ஒட்டி, ஒட்டிய மடிப்பின்மேல் கையெழுத்திட்டு, துறை முத்திரையைக் குத்தி மாணவரிடமே கொடுத்துவிடுவோம். இன்று மாணவர் விண்ணப்பத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியை இட்டதும், பல்கலைக்கழகத்தின் போர்ட்டலிலிருந்து நேரே ஆசிரியருக்கு ஓர் இணைப்பு வருகிறது. அதைத் திறந்தால் மாணவரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், எந்த நிலையில் தெரியும் என்ற கேள்விகள். பிறகு பல படிவங்களில் ஒரு கட்டம். அறிவுத்திறன், எழுத்துத் திறன், தனித்தியங்கும் ஆற்றல் என்று ஒவ்வொன்றிலும் அந்த மாணவர் தம் வகுப்பின் முதல் ஒரு விழுக்காட்டில் இருக்கிறாரா, ஐந்திலா, பத்திலா என்று குறிக்க வேண்டும். அதன் பிறகுதான் கடிதத்தை ஏற்றுவது. எல்லா மாணவருக்கும் எல்லாக் கட்டத்திலும் முதல் ஒரு விழுக்காடு என்று குறிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்; அறுபது பேர் வகுப்பில் ஒரு விழுக்காடு என்பது முழு ஆளாகக்கூடத் தேறாது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கூடுதல் சேவை என்னவென்றால், ஆசிரியருக்கு நேரமில்லாவிட்டால் நிறுவனமே அவர் பெயரில் ஒரு ஜிமெயில் முகவரியை உருவாக்கி, இணைப்பைத் தானே பெற்று, கட்டத்தை நிரப்பி, கடிதத்தையும் ஏற்றிவிடும். “ஸ்டாஃப் பிஸியா இருந்தா நாங்களே சப்மிட் பண்ணிடுவோம், நீங்க டென்ஷன் ஆக வேண்டாம்” என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஆள்மாறாட்டம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. விண்ணப்பத்தின் கடைசியில் எல்லாத் தகவலும் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுவது நிறுவனம் இல்லை, மாணவர். பிற்பாடு பொய் வெளிப்பட்டால் சேர்க்கை இரத்தாவதும் மாணவருக்குத்தான். பெற்றோர் இந்த ஒரு வரிக்காகவாவது விளம்பரத் தாளை முழுவதும் படிக்க வேண்டும். அலுவலக முகவரி இல்லாத பரிந்துரையாளரைச் சேர்க்கை அலுவலகங்கள் ஐயத்துடன் பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

போர்ட்டலில் இன்னொரு கேள்வி உண்டு. 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, சேர்ந்துவிட்ட மாணவர் தம்மைப் பற்றிய ஆவணங்களைப் பார்க்கக் கேட்கலாம். ஆகவே பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். விட்டுக்கொடுத்தால்தான் ஆசிரியர் மனம் திறந்து எழுதுவார் என்பது எண்ணம். எங்கள் மாணவியும் ஆம் என்று குறித்திருந்தார். தாமே பணம் கொடுத்து எழுதி வாங்கி, வண்ண அச்சில் எடுத்துக் கையில் வைத்திருக்கும் கடிதத்தைத் தாம் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்று அவர் உறுதி கூறியிருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

இவ்வளவும் நிறுவனத்தைப் பற்றி. ஆனால் இந்தக் கடையைத் திறந்து வைத்தவர்கள் நாங்கள்தாம் என்பதை எழுதாமல் விட்டால் மதிப்புரை நேர்மையாக இராது. “நீயே ஒண்ணு எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்ற வாக்கியத்தை எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். நவம்பர், டிசம்பரில்தான் பருவத் தேர்வு, அதைத் தொடர்ந்து விடைத்தாள் திருத்தும் முகாம், இடையில் அங்கீகாரக் குழுவுக்குக் கோப்பு தயாரிக்கும் வேலை. அதே நேரத்தில் பதினைந்து இருபது பேர் ஆளுக்கு ஆறு பல்கலைக்கழகம் என்று வந்து நிற்பார்கள். எங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுவது எளிதும் இல்லை. அதை வெளியில் சொல்ல வெட்கம். தம்மைத் தாமே புகழ்ந்து எழுதும் வேலையை இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம் தள்ளிவிட்டால், அந்தப் பிள்ளை அதை எழுதத் தெரிந்தவரிடம் கொண்டுபோகத்தானே செய்யும்? நிறுவனம் அந்த இடைவெளியில் கடை விரித்தது.

இளநிலைப் படிப்புக்கான அமைப்புகள் இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் என்ற அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பவருக்கு ஒரே ஒரு பரிந்துரை போதும். 2024 சேர்க்கையிலிருந்து அதை மூன்று பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். பள்ளியைப் பற்றிய பொதுத் தகவல், மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதேனும் இருந்தால் அது, விண்ணப்பத்துக்குத் துணைசெய்யும் வேறு செய்தி; எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் முடிய வேண்டும். புகழ்மாலை தொடுக்க அங்கே இடம் குறைவு. அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் ஆசிரியருக்கு வரும் கட்டத்தின் உச்சப் படி, நான் சந்தித்த மிகச் சிறந்த சிலரில் ஒருவர் என்பது. மனசாட்சியுள்ளவருக்கு அதைக் குறிக்கும்போது விரல் சற்றுத் தயங்கும். எம்.எஸ். விண்ணப்பங்களில் இன்னும் ‘கடிதத்தை இங்கே ஏற்றவும்’ என்ற வெற்றுப் பொத்தான்தான் பெரும்பாலும் இருக்கிறது. பொத்தான் இருக்கும்வரை தொகுப்பும் விற்கும்.

அந்த மாணவியிடம் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பென்சில் கணக்கு இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாலைகளில் என் கடிதத்தை எழுதினேன். என் ஆங்கிலம் நிறுவனத்தின் ஆங்கிலத்தைவிடக் கரடுமுரடானது. கிரிஸ்டல் பற்றி ஒரு பத்தி. அந்தக் கிட்டை நானே ஒதுக்கிவைத்திருந்தேன் என்பதற்கு ஒரு வாக்கியம். இரண்டாம் பருவத்தில் அவருக்குக் கணிதத்தில் ஓர் அரியர் இருந்ததையும், அதை அடுத்த முறையே எழுதித் தேறியதையும், இன்றும் நிரூபணங்களைவிடக் கருவிகளிடம்தான் அவருக்குப் பொறுமை அதிகம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆய்வகப் பொறுமையில் மட்டும் முதல் ஒரு விழுக்காடு, மற்றவற்றில் பத்து என்று கட்டத்தை நிரப்பினேன். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து ஆறு இணைப்புகளையும் நானே திறந்து ஏற்றி முடிக்க, தேநீர் இடைவேளை உட்பட ஒரு மணி நேரம் ஆயிற்று. கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

மற்ற இரண்டு கடிதங்களையாவது திருத்தித் தரும்படி நிறுவனத்திடம் அவர் கேட்டிருக்கிறார். இரண்டு முறை திருத்தம் விலையிலேயே அடக்கம் அல்லவா. ஆய்வகச் சம்பவத்தைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லி, இம்முறை ஐம்பது சொல் வரம்பு இல்லாமல் விரிவாகவே எழுதி அனுப்பியிருக்கிறார். இரண்டே நாளில் திருத்திய கடிதங்கள் வந்தன. வேகத்தில் குறை சொல்வதற்கில்லை.

மறு வாரம் எங்கள் துறைத்தலைவர் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். நிர்வாகப் பொறுப்பு ஏற்ற பிறகு அவர் அந்த ஆய்வகத்துக்குள் கால் வைத்து ஐந்து ஆண்டுகள் இருக்கும். “சார், இந்தப் பொண்ணு ஏதோ 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல கண்டுபிடிச்சப்ப நான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தேன்னு எழுதியிருக்கு. இது எப்ப சார் நடந்துச்சு?” என்றார்.